ஊமற்கரியிலிருந்து ஐதரசன் ஊக்கி: துளையும் மின்கடத்தலும் எப்படி அமையவேண்டும்?

கிளிநொச்சி அறிவியல்நகரில் இறுதியாண்டில் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஊமலை, அதாவது பனங்கொட்டை ஓட்டை, கரியாக்கி, அதைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுடன் சேர்த்துச் சூடாக்கினால் கிராமுக்கு ஆயிரம் சதுர மீற்றருக்கு மேற்பட்ட மேற்பரப்புள்ள காபன் கிடைக்கிறது. நீரை மின்பகுத்து ஐதரசன் பெறும் கலத்தில் அதனைக் கதோட்டில் (ஐதரசன் வெளிவரும் மின்வாயில்) தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கியாக வைத்தால் பிளாற்றினத்துக்கு மாற்றாகுமா, மேற்பரப்பை இன்னும் கூட்டினால் பயனும் கூடுமா என்று அவர் கேட்கிறார்.

அந்தக் காபன் தனியாக நின்று நல்ல ஊக்கியாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நல்ல ஊக்கி ஒன்றைத் தாங்கும் உடலாக அதை ஆக்கலாம். அப்படி ஆக்கும்போது மேற்பரப்பின் அளவைப் பெருக்குவதே இலக்கு என்று நினைத்துத் தொடங்கினால், பெரும்பாலும் மின்கடத்தலைக் கெடுத்துக்கொண்டு, வாயு வெளியேற வழியில்லாத ஒரு பொடியுடன் போய் முடிவோம். இலத்திரன் வரும் வழி, நீர் வரும் வழி, ஐதரசன் போகும் வழி ஆகிய மூன்றும் செயற்படும் ஓரிடத்தில் வந்து கூடவேண்டும். துளையுள்ள ஊக்கியை வடிவமைப்பது என்பது அந்த மூன்று வழிகளையும் வடிவமைப்பதுதான்.

எதற்காக இவ்வளவு சிரமம் என்பதை எண்களில் பார்த்துவிடலாம். நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் வேண்டிய வோல்ற்றளவு அறைவெப்பநிலையில் 1.23 வோல்ற்று, வெளியிலிருந்து வெப்பம் எடுக்காமல் பிரிப்பதானால் 1.48 வோல்ற்று. ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஏறத்தாழ 26,600 அம்பியர்-மணி மின்னேற்றம் செல்லவேண்டும் என்பதால், 1.48 வோல்ற்றில் ஓடும் கலம் கிலோகிராமுக்கு 39.4 கிலோவாட்டு-மணி எடுக்கும். நடைமுறைக் கலங்கள் 50 முதல் 55 வரை எடுக்கின்றன. மேலதிகமாகப் போவதன் ஒரு பகுதி கரைசலின் தடைக்கும், பெரும்பகுதி இரு மின்வாய்களிலும் தாக்கத்தை வேண்டிய வேகத்தில் நடத்தக் கொடுக்கும் மேலதிக வோல்ற்றளவாகிய மிகையழுத்தத்துக்கும் போகிறது. அதே கணக்கின்படி, ஊக்கியைத் திருத்தி 0.1 வோல்ற்று மிச்சம்பிடித்தால் கிலோகிராமுக்கு 2.66 கிலோவாட்டு-மணி மிஞ்சும். அனோட்டில் ஒட்சிசன் வெளிவரும் பக்கமே கூடுதலாக இழக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. கேள்வி கதோட்டைப் பற்றியது என்பதால் அதோடு நிற்கிறேன்.

கதோட்டின் மேற்பரப்பில் நடப்பது மூன்று படிகளால் விளக்கப்படுகிறது. முதலில் ஓர் இலத்திரனைப் பெற்று ஐதரசன் அணு ஒன்று மேற்பரப்பில் ஒட்டுகிறது. இது வோல்மர் படி. பிறகு, ஒட்டியிருக்கும் அணுவோடு இன்னொரு புரோத்தனும் (ஐதரசன் அயனும்) இலத்திரனும் சேர்ந்து மூலக்கூறாகலாம். இது எய்ரொவ்சுகிப் படி. அல்லது ஒட்டியிருக்கும் இரண்டு அணுக்கள் தாமே சேர்ந்து வெளியேறலாம். இது தாபெல் படி. இவற்றிலிருந்து வடிவமைப்புக்கு வேண்டிய முதல் விதி வருகிறது: ஐதரசன் அணு மேற்பரப்பில் ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும். ஒட்டாத மேற்பரப்பில் முதற்படி நடக்காது. விடாத மேற்பரப்பில் இறுதிப்படி நடக்காது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் சபாற்றியே கூறிய இந்தத் தத்துவத்தை 1972இல் இத்தாலிய இரசாயனவியலாளர் திரசாற்றி பல உலோகங்களின் அளவீடுகளைக் கொண்டு ஓர் எரிமலை வடிவ வரைபாகக் காட்டினார். உச்சிக்கு அருகே பிளாற்றினம் இருந்தது. துங்குதனும் மொலிப்டினமும் ஐதரசனை இறுகப் பிடிப்பவை. ஈயமும் இரசமும் தளர விடுபவை.

தூய காபன் தளர விடும் பக்கத்தில் இருக்கிறது. ஊமற்கரியின் ஆயிரம் சதுர மீற்றரும் ஐதரசன் அணு ஒட்ட விரும்பாத சதுர மீற்றர்களே. காபன் வலையில் நைதரசன், பொசுபரசு போன்றவற்றைப் புகுத்தினால் நிலை சற்றுத் திருந்தும் என்பது உண்மைதான். ஆனாலும் உலோகம் இல்லாத காபன் ஊக்கிகள் தொழிற்சாலை ஓட்டங்களுக்குப் போதும் என்று நான் கருதவில்லை. எனவே செயற்படும் இடத்தை வேறு ஒரு பொருளிலிருந்து கொண்டுவரவேண்டும். காரக் கரைசலில் நிக்கல்-மொலிப்டினக் கலப்புலோகம், நிக்கல் பொஸ்பைட்டு, கோபாற்று பொஸ்பைட்டு ஆகியவை விலைக்கேற்ற நல்ல தெரிவுகள். அமிலத்தில் மொலிப்டினம் இருசல்பைட்டும் உண்டு. அதன் தட்டையான முகங்கள் வேலை செய்வதில்லை, ஓரங்களே வேலை செய்கின்றன என்பது 2005இல் கணிப்பாலும் 2007இல் பரிசோதனையாலும் தெளிவானது. மேற்பரப்பு முழுவதையும் ஒரே மதிப்பில் எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கார ஊடகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே தயாரான புரோத்தன் கிடையாது. நீர் மூலக்கூற்றை உடைத்தே ஐதரசன் அணுவைப் பெறவேண்டும். பிளாற்றினத்தின் வேகம்கூட அமிலத்தில் இருப்பதைவிடக் காரத்தில் நூறு மடங்களவில் குறைந்துவிடுவது இதனால்தான். 2011இல் வெளியான ஆய்வொன்றில், பிளாற்றினத்தின் மேல் நிக்கல் ஐதரொட்சைட்டுச் சிறு திட்டுகளை வைத்தபோது வேகம் பல மடங்கு கூடியது. நீரை உடைக்கும் வேலையை ஐதரொட்சைட்டும், அணுக்களைச் சேர்க்கும் வேலையை உலோகமும் பங்கிட்டுக்கொண்டன. நிக்கல் உலோகத்தின் மேல் அதன் ஐதரொட்சைட்டு மெல்லியதாகப் படிந்திருப்பது சில வேளைகளில் குறையாகாமல் உதவியாவதும் இதே காரணத்தால்தான்.

இனித் துளைகள். இரண்டு நனோமீற்றருக்குக் குறைந்தவை நுண்துளைகள், இரண்டு முதல் ஐம்பது வரை இடைத்துளைகள், அதற்கு மேற்பட்டவை பெருந்துளைகள் என்று வகுப்பது வழக்கம். பொற்றாசியம் ஐதரொட்சைட்டினால் பெறும் மேற்பரப்பின் பெரும்பகுதி நுண்துளைகளில் இருக்கிறது. அந்த எண்ணைத் தருவது 1938இல் புரூனவர், எமெற், தெல்லர் ஆகிய மூவரும் வகுத்த முறை. திரவ நைதரசனின் வெப்பநிலையில் நைதரசன் மூலக்கூறுகள் எங்கே படிகின்றனவோ அதையெல்லாம் அது கணக்கிலெடுக்கும். நைதரசன் நுழைந்த துளையில் நீர் நனையவேண்டும் என்றோ, நீரேறிய அயன் நுழையவேண்டும் என்றோ, அங்கே உருவான ஐதரசன் வெளியேறவேண்டும் என்றோ கட்டாயமில்லை. அந்த எண்ணை அறிக்கையின் முதல் வரியில் போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. என் மதிப்பில் அது அறிக்கையின் கடைசி அட்டவணைக்கு உரியது.

இரணைமடுக் குளத்தின் நீர் வயலுக்கு வரும் முறையை நினைத்துப் பாருங்கள். பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்று அகலம் படிப்படியாகக் குறைந்து நீர் வரம்புக்குள் வருகிறது. மிஞ்சிய நீர் வடிந்தோடத் தனியே கழிவு வாய்க்காலும் உண்டு. எல்லா நிலத்தையும் வயலாக்கிவிட்டு வாய்க்காலுக்கு இடம் விடாவிட்டால் விளைச்சல் கூடாது. ஊக்கியிலும் பெருந்துளை நீரையும் வாயுவையும் கடத்தும். இடைத்துளை அவற்றைச் செயற்படும் இடம்வரை கொண்டுசேர்க்கும். நுண்துளை ஓரளவு இருந்தாற் போதும்.

வாயு வெளியேறுவதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். நீருக்குள் இருக்கும் குமிழியின் உள்ளழுத்தம், மேற்பரப்பிழுவிசையின் இரு மடங்கை ஆரையால் வகுத்த அளவுக்கு வெளியழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும். ஆரை 100 நனோமீற்றர் என்றால் மேலதிக அழுத்தம் ஏறத்தாழ 14 வளிமண்டலம். 10 நனோமீற்றர் என்றால் 140 வளிமண்டலம். ஆகவே நன்கு நனைந்த சிறு துளைக்குள் குமிழி உருவாவது அரிது. அங்கே பிறந்த ஐதரசன் கரைந்த நிலையிலேயே பரவி வெளிவந்து, அகலமான இடத்தை அடைந்த பின்பே குமிழியாகிறது. நீண்ட ஒடுங்கிய துளையின் ஆழத்தில் பிறந்த ஐதரசன் வெளிவர நேரமெடுப்பதால், அங்கே செறிவு கூடித் தாக்கமும் மந்தமாகிவிடும். அகலமான துளையிலோ குமிழி எளிதில் உருவாகும். ஆனால் அது சுவரில் ஒட்டி நின்றால் அவ்வளவு பரப்பும் வேலையற்றுப் போகும். மேற்பரப்பை நீர் விரும்பும் தன்மையுடையதாகவும், நனோ அளவில் கரடுமுரடானதாகவும் ஆக்கினால் குமிழி பிடிமானம் இழந்து சிறிதாக இருக்கும்போதே கழன்றுவிடும். ஒட்சிசன் கூட்டங்கள் குறைந்த காபன் நீரை விலக்கும் என்பதால், மெல்லிய அமிலப் பரிகரிப்பு இங்கே உதவலாம். அளவு மீறினால் அதே ஒட்சிசன் கூட்டங்கள் மின்கடத்தலைக் குறைக்கும்.

மின்கடத்தலுக்கும் துளைக்கும் இடையில் உண்மையான இழுபறி உண்டு. சுவரைத் தின்று துளையாக்கும் ஒவ்வொரு செயலும் இலத்திரன் போகும் பாதையையும் தின்கிறது. நூற்றிலொரு சீமென்சு/சென்ரிமீற்றர் கடத்துதிறனும் 0.1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஓர் அடுக்கை எடுப்போம். மின்னோட்டம் அடுக்கு முழுவதையும் கடப்பதானால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 ஓம் தடை வரும். ஆய்வுகூடத்தில் வழக்கமாக ஒப்பிடும் 10 மில்லியம்பியரில் இதனால் இழப்பது 10 மில்லிவோல்ற்று மட்டுமே, யாரும் கவனிக்கமாட்டார்கள். தொழிற்கலத்துக்குரிய 500 மில்லியம்பியரில் அதே அடுக்கு 500 மில்லிவோல்ற்றை விழுங்கும். ஆய்வுகூடத்தில் மின்னிய பல பொருட்கள் பெரிய கலத்தில் ஏன் காணாமற் போகின்றன என்பதற்கு இந்த ஒரு வரிக் கணக்கு பாதி விளக்கம் தந்துவிடும். எந்த மின்னோட்ட அடர்த்திக்கு வேலை செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்து, அதிலிருந்து பின்னோக்கித் தடிப்பையும் கடத்துதிறனையும் துளையையும் கணிப்பதே சரியான வரிசை.

காபன் நன்றாகக் கடத்தவேண்டுமானால் அதன் அடுக்குகள் காரீயத்தை (கிராபைற்றை) போல ஒழுங்குபடவேண்டும். தனியாகச் சூடாக்கினால் அதற்கு 2,000 பாகைக்கு மேல் போகவேண்டியிருக்கும். ஊமல், தேங்காய்ச் சிரட்டை போன்ற கடின ஓடுகளின் கரி அவ்வளவு வெப்பத்திலும் முழுதாக ஒழுங்குபடாது. இரும்பு அல்லது நிக்கல் உப்பைச் சிறிதளவு ஊறவைத்துச் சூடாக்கினால் 800 முதல் 1,000 பாகைக்குள்ளேயே சுவர்களில் காரீய அடுக்குகள் வளரும். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் நரம்புக் காரீயம் மிகத் தூய்மையானது. அதை நுணுக்கிக் கடத்தும் துணைப்பொருளாகக் கலப்பதும் நம் நாட்டுக்குப் பொருத்தமான வழி.

காபனை விட்டு வேறு எதையும் பார்க்கவேண்டாமா என்றால், கட்டாயம் பார்க்கவேண்டும். துளையுள்ள, மின்கடத்தும் கதோட்டுகளில் மிகப் பழையதும் இன்றும் வெல்லக் கடினமானதும் இரேனி நிக்கல்தான். 1920களில் மறி இரேனி என்ற அமெரிக்கப் பொறியியலாளர், நிக்கலையும் அலுமினியத்தையும் உருக்கிக் கலந்து, பிறகு எரிசோடாக் கரைசலில் அலுமினியத்தை மட்டும் கரைத்தெடுத்தார். மிஞ்சியது கடற்பஞ்சு போன்ற நிக்கல். சுவர் முழுவதும் உலோகம், துளை முழுவதும் ஒன்றோடொன்று தொடர்புடையது. அவர் அதை எண்ணெய்களை ஐதரசனேற்றச் செய்தார். பின்னர் அது கார மின்பகுப்புக் கலங்களுக்கும், உப்புநீரை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் செய்யும் ஆலைகளின் கதோட்டுகளுக்கும் வந்தது. அந்த ஆலைகளில் ஐதரசன் ஒரு பக்கவிளைபொருள். ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரில் அழிந்துபோகாமல் இருந்திருந்தால், இந்தத் தலைப்பில் வன்னி மாணவர்கள் முதலில் போய்ப் பார்க்கவேண்டிய இடமாக அதுவே இருந்திருக்கும். உலர்ந்த இரேனி நிக்கல் காற்றுப்பட்டால் தானாகத் தீப்பற்றும் என்பதால், அதை எப்போதும் நீருக்குள் வைத்துக் கையாளவேண்டும்.

நிக்கல் நுரை இன்னொரு வகை. பொலியூரதேன் நுரையின் மேல் நிக்கலைப் பூசி, நுரையை எரித்துவிட்டுப் பெறுவது அது. துளைகள் மில்லிமீற்றரின் சில பத்திலொரு பங்கு அகலமானவை, மேற்பரப்பு சொற்பம், கடத்தலோ மிக நன்று. அதாவது வாய்க்கால் மட்டும் உண்டு, வயல் இல்லை. நீங்கள் செய்யும் ஊக்கியை அதன்மேல் நேரடியாக வளர்த்தால் இரண்டும் சேரும்.

அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்படுவது உலோக-சேதனச் சட்டகங்கள். உலோக அயன்களைச் சேதன இணைப்பிகளால் கோத்து, துளையின் அகலத்தை மிக நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது. இந்தத் துறைக்காகக் கிதகாவா, உரொப்சன், யாகி ஆகியோருக்கு 2025ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மின்காவலிகள். நிக்கலையும் ஆறு அமைன் கூட்டங்களுடைய திரைபெனிலீன் இணைப்பியையும் கொண்டு 2014இல் செய்யப்பட்ட தட்டைச் சட்டகம் போன்ற சில மட்டுமே நன்றாகக் கடத்துகின்றன. அவற்றில் உலோகத்தினதும் இணைப்பியினதும் இலத்திரன் மண்டலங்கள் தளம் முழுவதும் பரந்திருக்கின்றன. கோபாற்றும் தயோல் இணைப்பிகளும் சேர்ந்த இத்தகைய சட்டகங்கள் ஐதரசன் வெளியிடுவதையும் 2015இல் காட்டினார்கள். இருந்தும், செறிந்த காரத்தில் பல சட்டகங்கள் சிதைந்து உலோக ஐதரொட்சைட்டாகிவிடுகின்றன. பரிசோதனையின் முன் எடுத்த எக்சுக்கதிர்ப் படத்தோடு நிறுத்தாமல், முடிந்தபின் இன்னொன்று எடுத்தால்தான் எந்தப் பொருள் வேலை செய்தது என்று தெரியும். சட்டகத்தை அச்சாக மட்டும் பயன்படுத்துவது இன்னும் நடைமுறைக்கேற்ற வழி: நாகம் (துத்தநாகம்) கொண்ட சட்டகத்தை 907 பாகைக்கு மேல் சூடாக்கினால், நாகம் ஆவியாகிப் போய், அதன் இடத்தில் துளையும் நைதரசன் கலந்த காபனும் மிஞ்சும்.

இதே தந்திரத்தை விலைகொடுத்து வாங்காத ஒரு பொருளாலும் செய்யலாம்; நான் ஊமலைவிட அதையே விரும்புவேன். நெல் உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாகும்; அதன் பெரும்பகுதி சிலிக்கா. அந்தச் சிலிக்கா காபனோடு நுணுக்கமாகக் கலந்து கிடக்கிறது. உமியைக் காற்றில்லாமல் கரியாக்கி, சூடான எரிசோடாவில் சிலிக்காவைக் கரைத்தெடுத்தால், அது இருந்த இடங்கள் பெரும்பாலும் இடைத்துளைகளாகத் திறக்கும். ஊமல் தடித்த ஓடு. அது இறுக்கமான கரியையும் நுண்துளையையுமே தரும். உமிக்கரியில் முதலில் இரும்பு உப்பை ஊறவைத்துச் சூடாக்கிச் சுவரைக் காரீயமாக்குங்கள். இரும்பை அமிலத்தால் கழுவிவிடுங்கள். அதன்பிறகு நிக்கலையும் மொலிப்டினத்தையும் படியவைத்து, 400 முதல் 500 பாகைக்குள் ஐதரசன் கலந்த வாயுவில் தாழ்த்துங்கள் (ஒட்சிசனை நீக்கி உலோகமாக்குங்கள்). எல்லாவற்றையும் ஒரே சூட்டில் முடிக்க ஆசை வரும். அப்படிச் செய்தால் நிக்கல் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பெருத்து, தாமே வளர்த்த காரீயத்துக்குள் புதைந்துவிடும்.

பொஸ்பைட்டு வழியை எடுப்பவர்கள் ஐப்போபொஸ்பைற்று உப்பைச் சூடாக்கும்போது பொஸ்பீன் வெளிவரும் என்பதை அறிந்திருக்கவேண்டும். அது கொடிய நச்சுவாயு, நல்ல வாயுபோக்கி இல்லாத ஆய்வுகூடத்தில் அந்த வேலை கூடாது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வழியிலும் 700 பாகைக்கு மேல் பொற்றாசிய உலோக ஆவி வரும். உலையைக் குளிரவிட்டு, மந்தவாயு ஓட்டத்தை நிறுத்தாமல், மெதுவாகவே நீர் சேர்க்கவேண்டும்.

அளவீட்டில் ஏமாறும் இடங்கள் பல. உங்களுக்கு மிக நெருக்கமானது மின்கொள்ளளவம், அதாவது பொருள் மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் அளவு. செயற்படுத்திய காபனின் கொள்ளளவம் கிராமுக்கு 100 பரட்டு என்று கொள்வோம். சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிகிராம் பூசி, செக்கனுக்கு 50 மில்லிவோல்ற்று வேகத்தில் மின்னழுத்தத்தை மாற்றினால், ஒரு குமிழிகூட வராமலே 5 மில்லியம்பியர் ஓடும். நீங்கள் ஒப்பிடும் 10 மில்லியம்பியரில் அது பாதி. மின்னழுத்தத்தை நிலையாக வைத்து ஓட்டம் அமைதியடைந்த பின்பே எண்ணைக் குறியுங்கள். ஊக்கிக்கு எதிரே நிற்கும் மற்ற மின்வாயாகப் பிளாற்றினக் கம்பியை வைத்தால், அது சிறிது சிறிதாகக் கரைந்து உங்கள் ஊக்கியில் படியும். நாளாக நாளாக ஊக்கி திருந்துவதாகத் தெரிவது இதனாலும் இருக்கலாம். காரீயக் கோலைப் பயன்படுத்துங்கள். செறிந்த காரத்தில் வெள்ளி-வெள்ளிக்குளோரைட்டு ஒப்பீட்டு மின்வாய் பொருந்தாது, இரச-இரசவொட்சைட்டு வேண்டும். தாபெல் சாய்வு (ஓட்டத்தைப் பத்து மடங்காக்க வேண்டிய மிகையழுத்தம், மில்லிவோல்ற்றில்) 30 என்றால் தாபெல் படி, 40 என்றால் எய்ரொவ்சுகிப் படி, 120 என்றால் முதற்படி மந்தம் என்ற பாடநூல் விதி தட்டையான மின்வாய்க்கு உரியது. துளைக்குள் பரவலும் தடையும் சேரும்போது சாய்வு இரு மடங்காகலாம் என்பதால், துளையுள்ள பொருளில் அந்த எண்ணை மட்டும் கொண்டு பொறிமுறையைச் சொல்லக்கூடாது.

வாயுவையும் அளந்துவிடுங்கள். 10 மில்லியம்பியர் ஓட்டம் முழுவதும் ஐதரசனாகினால் மணிக்கு ஏறத்தாழ 4.5 மில்லிலீற்றர் வரும். நீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுகுழாய் ஒன்றே இதற்குப் போதும். காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை ஐதரசன் தீப்பற்றும் என்பதால் யன்னலைத் திறந்து வையுங்கள்.

வன்னிக்குரிய இரண்டு விடயங்கள் மிஞ்சுகின்றன. இங்கே கிணற்று நீரில் கல்சியமும் மகனீசியமும் கூடுதல். கதோட்டருகில் காரத்தன்மை ஏறும்போது மகனீசியம் ஐதரொட்சைட்டும் கல்சியம் காபனேற்றும் படியும். அவை முதலில் அடைப்பது நீங்கள் சிரமப்பட்டு உண்டாக்கிய துளைகளைத்தான். ஒரு கிலோகிராம் ஐதரசனுக்குத் தாக்கத்தில் செலவாகும் நீர் 9 கிலோகிராம் மட்டுமே என்பதால், அதை அயனகற்றித் தருவது மொத்தச் செலவில் சிறு பங்கு. எனவே கிணற்று நீரிலேயே ஓடும் ஊக்கியைத் தேடுவது வீண் முயற்சி.

மற்றது மின் வரும் விதம். மன்னாரில் 2020 டிசெம்பரில் தொடங்கிய 103.5 மெகாவாட்டுக் காற்றாலைப் பண்ணை முழு வலுவில் ஓடினால், கிலோகிராமுக்கு 55 கிலோவாட்டு-மணி என்ற கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 1,900 கிலோகிராம் ஐதரசன் தரக்கூடிய மின் அது. ஆனால் காற்று விழும், சூரியன் மறையும், கலம் நிற்கும். கலம் நிற்கும்போது அனோட்டில் சேர்ந்த ஒட்சைட்டுகள் கதோட்டை நோக்கிப் பின்னோட்டம் ஒன்றைத் தள்ளும். நிக்கல் கதோட்டு ஒட்சியேறும். மொலிப்டினம் கரைந்து போகும். காபன் தாங்கியும் மெல்ல அரிபடும். நிலையான ஓட்டத்தில் பல நாள் தாங்கிய துளைக்கட்டமைப்பு, நின்று நின்று ஓடும்போது இடிந்துவிடலாம். உங்கள் ஆய்வில் ஒரு புதுமை வேண்டுமானால், மேற்பரப்பை இன்னும் சில நூறு சதுர மீற்றர் கூட்டுவதை விட்டு, பகலில் 200 மில்லியம்பியரிலும் இரவில் திறந்த சுற்றிலும் வைத்து, ஒவ்வொரு காலையும் அதே மிகையழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஒப்பீட்டுக்கு வெறும் நிக்கல் நுரையையும் உலோகம் சேர்க்காத உமிக்கரியையும் பக்கத்துக் கலங்களில் அதே நேரத்தில் ஓடவிடுங்கள்.